பாரத மிட்டையை மண்ணாகவே விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்தூர் மாவட்டத்தில், பலமநேருக்கும் குப்பத்துக்கும் இடையே, கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. சந்தைக்குப் போனால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். ஊருக்குக் கிழக்கே, வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், புளியமரங்கள் சூழ்ந்த ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. மேட்டைத் தெலுங்கில் ‘மிட்ட’ என்பார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்து ஆண்டுதோறும் அங்கே நடப்பதால் அதை நாங்கள் பாரத மிட்டை என்று அழைக்கிறோம்.

அந்த மிட்டையின் மேல் சிமென்ட் கலையரங்கம் கட்டித் தருவதாக, வெளியூரில் தொழில் செய்யும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். நாலடி உயர மேடை, தகரக் கூரை, சுற்றிலும் மதில், நான்கு மூலையிலும் உயர்கோபுர விளக்கு, தரை முழுவதும் சிமென்ட் கல் என்று வரைபடமும் வந்துவிட்டது. ஏழு புளியமரங்களை வெட்ட வேண்டும் என்று அதில் குறித்திருக்கிறார்கள். கூத்தின் மேல் உள்ள அன்பினால்தான் அவர்கள் இதைச் செய்ய நினைக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள். ஆனாலும் அந்தக் கட்டடம் எழும்பினால் அங்கே கூத்து நிலைக்காது என்பதை, நாற்பது ஆண்டுகளாக அந்த மண்ணைப் பெருக்கியும் கொத்தியும் தொண்டு செய்தவன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இதே யோசனை பக்கத்து ஊர்களிலும் பேசப்படுவதால் இது எங்கள் ஊர் வழக்கு மட்டும் அல்ல என்று கருதித் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

வட ஆற்காடு, சித்தூர் வட்டாரங்களில் இத்திருவிழா எப்படி நடக்கும் என்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் அறிவார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். பகலில் காதால் கேட்ட கதையை இரவு பத்து மணிக்கு மேல் விடியும் வரை கூத்தாகக் கண்ணால் பார்ப்போம். ஆனால் இந்தக் கதை முழுவதும் ஒரே மேடையில் நடப்பது அன்று. பகாசுரனுக்குச் சோறு ஏற்றிய வண்டி ஊர்த்தெருக்களைச் சுற்றி வரும்; வீட்டுக்கு வீடு பெண்கள் அந்த வண்டியில் சோறும் பலகாரமும் இடுவார்கள். துகிலுரிதல் மிட்டையின் நடுவே நடக்கும். அர்ச்சுனன் தபசுக்கு ஓர் உயர்ந்த பனைமரம் வேண்டும். அபிமன்யு சண்டையில் வேடக்காரர்கள் கூட்டத்தை ஊடறுத்துக்கொண்டு ஓடுவார்கள். அப்போது உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான் சக்கரவியூகம். கடைசி நாள் காலையில் படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்து தரையில் கிடத்த வேண்டும். நாலடி மேடை கட்டி, சனங்களை ஒரு பக்கமாக நாற்காலியில் உட்காரவைத்தால் இவற்றில் எதை நடத்துவது என்று வரைபடம் போட்டவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

படுகளத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். முதல் நாள் மாலையே ஏரியிலிருந்து வண்டல் மண் வந்து குவிந்துவிடும். இரவெல்லாம் ஒரு பக்கம் பதினெட்டாம் போர்க் கூத்து நடக்க, மறுபக்கம் இருபது இளைஞர்கள் தண்ணீர் ஊற்றி மண்ணை மிதித்துப் பதமாக்கி, முப்பது நாற்பது அடி நீளத்துக்குத் துரியோதனனைப் படுத்த வாக்கில் எழுப்புவார்கள். முகத்தை மட்டும் மூத்தவர் ஒருவர்தான் பிடிப்பார். மீசையும் கண்ணும் விடியற்காலையில் வண்ணம் பெறும். தொடைக்குள் குங்குமம் கரைத்த நீர்க்குடத்தை ஒருவர் புதைத்துவைப்பார்; எந்த இடம் என்பது அவருக்கும் வீமன் வேடக்காரருக்கும் மட்டுமே தெரியும். வெயில் ஏறும்போது காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பாள், வீமனும் துரியோதனனும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள், கடைசியில் வீமனின் கதாயுதம் தொடையில் இறங்கி, சிவந்த நீர் மேலே வந்து, திரௌபதி கூந்தலை முடிப்பாள். அதன்பின் ஊர்ப்பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய்த் தானியக் குதிரிலும் மாட்டுக்கொட்டிலிலும் வைக்கிறார்கள். சிமென்ட் கல் பாவிய தரையில் அந்தக் குடத்தை எங்கே புதைப்பது?

இத்தனையையும் செய்பவர்கள் தொண்டர்கள். கூத்தாடும் குழுவான ஜமா ஆற்காடு, செய்யாறு பக்கத்திலிருந்து வருகிறது. அவர்களுக்குச் சம்பளம் உண்டு, அது வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் பிரிக்கும் தலைக்கட்டு வரியிலிருந்து போகிறது. மற்ற எல்லா வேலையும் கூலி இல்லாத வேலை. பங்குனி பிறந்ததும் மிட்டையில் முளைத்த தும்பையையும் நெருஞ்சியையும் செதுக்கி எடுப்பது, பந்தற்கால் நடுவது, பனைமரத்தை முறைப்படி வாங்கி முப்பது பேர் தோள்கொடுத்துத் தூக்கி வந்து படிக்கட்டைகள் அடித்து நிறுத்துவது, ஜமாக்காரர்களுக்கு வேளாவேளைக்குக் களியும் குழம்பும் கொண்டு போவது, கிரீடம், புஜக்கட்டை முதலான வேடக்கட்டைகள் இருக்கும் பெட்டிக்கு இரவு பகலாகக் காவல் இருப்பது, உறங்கிப்போன பிள்ளைகளைக் கூட்டத்தில் தாய்மாரிடம் தேடிச் சேர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவர்களில் பெரும்பாலோர் பெங்களூருவில் வேலை செய்பவர்கள். குப்பத்தில் இரயிலேறி அன்றாடம் போய் வருகிறவர்களும் உண்டு, அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த விடுப்பைத் திருவிழாவுக்கென்று எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சம்பளப் பிடித்தம் ஆனாலும் வந்த ஒரு பையனை நான் அறிவேன், ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, “சார், தபசு மரத்துக்குப் படி அடிக்கிறவன் நான், நான் வரலைன்னா யார் அடிப்பாங்க?” என்றான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது இந்த மிட்டையில் எந்தத் தெருக்காரர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருந்தது. சிலருக்குத் தண்ணீர்ப் பானை தனியாக வைக்கப்பட்டது. எந்தக் கூட்டமும் தீர்மானம் போட்டு அந்தக் கோட்டை அழிக்கவில்லை. இரவெல்லாம் ஒன்றாக மண் மிதித்த பிள்ளைகள் ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்கள், பெரியவர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்கள், சில ஆண்டுகளில் தனிப்பானை வைப்பது நின்றுபோனது. வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டால் வேலை நேர்த்தியாக முடியலாம். ஆனால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் பத்துப் பதினைந்து நாள் ஒன்றாகக் கை அழுக்காக்கிக்கொள்ள வேறு இடம் எங்கள் ஊரில் இல்லை.

அடுத்தது காடு. கவுண்டின்யா சரணாலயம் 1990இல் அறிவிக்கப்பட்டது; பரப்பு ஏறத்தாழ 357 சதுர கிலோமீட்டர். பல தலைமுறைகளாக யானையே பார்த்திராத எங்கள் பக்கத்துக்கு 1980களில் ஓசூர், கிருஷ்ணகிரிக் காடுகளின் பக்கமிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. அவற்றுக்காகத்தான் சரணாலயமே உண்டானது. அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே கூத்து அங்கே நடக்கிறது. இப்போது இரண்டும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சித்திரை வைகாசியில் மாந்தோப்புகளையும் தண்ணீரையும் நாடி யானைகள் கீழே இறங்கும் காலமும் எங்கள் திருவிழாக் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே தொண்டர்களின் வேலைகளில் இரவுக் காவலும் சேர்ந்துகொண்டது. காட்டுப்பக்கம் நான்கு இடங்களில் இருவர் இருவராக உட்கார்ந்திருப்பார்கள். பட்டாசு கொளுத்துவதில்லை, தகரம் தட்டுவதில்லை. வெருண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை வனத்துறைக் காவலர்களிடமிருந்தும் எங்கள் அனுபவத்திலிருந்தும் கற்றிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கர்ண மோட்சத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணி இருக்கும். கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம். தெற்குப் பக்கக் காவலில் இருந்த பையன் ஓசைப்படாமல் வந்து ஜமா வாத்தியாரின் காதில் ஏதோ சொன்னான். முகவீணை நின்றது, மிருதங்கம் நின்றது, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து ஒரே ஒரு விளக்கு மட்டும் திரி தாழ்த்தி வைக்கப்பட்டது. தொண்டர்கள் கூட்டத்துக்குள் குனிந்தபடி நடந்து, “எழுந்திருக்காதீங்க, பேசாதீங்க” என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அழுத குழந்தைக்குத் தாய் பால் கொடுத்தாள். மூங்கில் முறியும் ஓசை மட்டும் கேட்டது. அதன்பின், ஈரமான மரப்பட்டையை உரசுவது போன்ற ஓர் ஓசை நகர்ந்து நகர்ந்து ஓடையின் பக்கம் போய்த் தேய்ந்தது. கர்ணன் வேடக்காரர் தம் கிரீடத்தோடும் புஜக்கட்டையோடும் நின்ற இடத்திலேயே நின்றார், உட்காரவும் இல்லை. அரை மணி நேரம் கழிந்ததும் காவல் பையன் திரும்பி வந்து கை காட்டினான். வாத்தியார் சுருதி எடுத்தார், கர்ணன் எந்த அடியில் நிறுத்தினாரோ அதே அடியிலிருந்து பாடினார். ஒருவர்கூட எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. அந்த இடத்தில் மதிலும் உயர்கோபுர விளக்கும் இருந்திருந்தால், யானைகள் வழக்கமாக இறங்கும் ஓடைப் பாதை அடைபட்டு அவை எந்தத் தெருவுக்குள் வந்திருக்கும் என்பதை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

ஒலி, ஒளி ஆகியவற்றைக் குறித்தும் சொல்ல வேண்டும். மிட்டைக்குப் பின்னால் ஒரு கரும்பாறை இருக்கிறது. அதற்கு முதுகு காட்டி நின்று பாடும் குரல், கடைசி வரிசையில் போர்வைக்குள் இருக்கும் கிழவிக்கும் சொல் சொல்லாகக் கேட்கும். முன்னோர்கள் இடம் தேர்ந்தெடுத்ததற்கு அந்தப் பாறையே காரணம் என்பது என் துணிபு. கூத்துக்காரர்கள் உச்ச சுருதியில் பாடப் பழகியதும், முகவீணை என்ற அந்தச் சின்னஞ்சிறு குழலுக்கு அத்தனை கூர்மையான நாதம் அமைந்ததும் திறந்தவெளிக்காகத்தான். ஒலிபெருக்கி வைத்த ஆண்டுகளில் வேடக்காரர்கள் ஒலிவாங்கி இருக்கும் இடத்துக்கு வந்து வந்து பாடினார்கள். அடவு போய்விட்டது, சுற்றி வரும் ஆட்டம் போய்விட்டது. தவிர, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் பொதுவெளியில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. அரசு சிறப்பாகத் தளர்த்தினாலும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரைதான். எங்கள் கூத்தோ பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. ஒளியைப் பொறுத்தவரை, அரிதாரமும் கண்ணாடிச் சில்லு பதித்த மார்புப் பதக்கமும் அசையும் தீயொளிக்காக உண்டானவை. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தபோதுகூட அந்த மஞ்சள் ஒளி மிஞ்சியது. உயர்கோபுர விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடம் வெறும் கட்டையாகத் தெரிகிறது. காட்டுப் பூச்சிகள் அத்தனையும் வேடக்காரர் வாயில் வந்து விழுகின்றன.

காட்டுக்குள் நாடகம் என்பது பின்தங்கிய ஊரின் வழக்கம், வசதி வந்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பிரமர்ட்டன் நகருக்கு அருகே, கிட்சாப் காட்டு அரங்கம் என்று ஒன்று இருக்கிறது. ‘மௌண்டனியர்ஸ்’ என்ற மலையேறுவோர் சங்கத்தினர் 1923இல் அங்கே நாடகம் நடத்தத் தொடங்கினார்கள். பார்வையாளர்கள் வண்டியை மேலே நிறுத்திவிட்டுக் காட்டுப்பாதையில் நடந்து இறங்கி, மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த இருக்கைகளில் உட்காருகிறார்கள். ஓங்கிய மரங்களே பின்திரை. நடிப்பது முதல் வழிகாட்டுவது வரை எல்லாம் தொண்டர்கள் வேலை என்று அங்கே போய்ப் பார்த்துவந்த என் உறவினர் சொன்னார். பணத்துக்குக் குறைவில்லாத அந்த நாட்டில் நூறாண்டுகளாக அந்த இடத்தை மரத்தோடும் மண்ணோடும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கதையும் பாட்டும் வேறு. எங்களுடையதற்கும் அதற்கும் ஒப்பீடே இல்லை. ஆனாலும் மரங்களுக்கு நடுவே ஊர் கூடி ஆடுவதை அவர்கள் குறைவாக நினைக்கவில்லை என்பதை எங்கள் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

எல்லைப்புறத் தமிழர்களுக்கு இந்த மிட்டையில் வேறொரு பயனும் உண்டு. 1911இல், பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்து பிரித்த பகுதிகளைக் கொண்டுதான் சித்தூர் மாவட்டம் உருவானது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாங்கள் ஆந்திரத்தில் இருந்தோம், இருக்கிறோம், அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் இன்றைய எங்கள் பிள்ளைகள் தமிழைப் பேசுகிறார்களே தவிர எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும்தான். சென்ற ஆண்டு பின்பாட்டுக்கு உதவிய ஒரு தொண்டரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். திரௌபதி சபையில் முறையிடும் விருத்தத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்திருந்தான். ழகரம் வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டிருந்தான், நாக்கை மடிக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த என் கண் கலங்கிவிட்டது. தெலுங்கு மட்டுமே அறிந்தவர்களுக்காகக் கட்டியங்காரன் இடையிடையே தெலுங்கில் கதை சொல்வதும், அதைக் கேட்டு அவர்களும் விடியும் வரை எங்களோடு உட்கார்ந்திருப்பதும் இங்கே இயல்பாக நடக்கிறது.

நன்கொடை தர முன்வந்தவர்களின் மனத்தைப் புண்படுத்துவது என் நோக்கம் அன்று. அந்தப் பணத்துக்கு மிட்டையைச் சுற்றியே எவ்வளவோ தேவை இருக்கிறது. முதலில், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். இரவு முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் பெண்கள் இருட்டில் காட்டுப்பக்கம் ஒதுங்க வேண்டியிருப்பது எங்கள் எல்லோருக்கும் தலைகுனிவு, யானை நடமாட்டத்தில் ஆபத்தும்கூட. அதை ஊர்ப்பக்கமாக, மரம் எதையும் தொடாமல் கட்டலாம். வேடம் கட்ட ஜமாக்காரர்களுக்குப் புளியமரத்தடியில் தென்னந்தட்டி மறைப்புதான் இருக்கிறது. ஊர்க் கோயிலை ஒட்டி அவர்களுக்கு ஒரு நல்ல அறையும் குளிக்கத் தண்ணீரும் அமைத்துத் தந்தால் நன்றாக இருக்கும். அவர்கள் சம்பளம் பல ஆண்டுகளாக உயரவில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காவலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நல்ல கைவிளக்கும், விபத்துக் காப்பீடும், தபசு மரம் ஏறும் வேடக்காரருக்கு இடுப்பில் கட்டப் பாதுகாப்புக் கயிறும் வேண்டும். அந்தப் பனைமரத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடியபடி அவர் ஏறி உச்சியிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் எறியும்போது, பிள்ளை வரம் வேண்டிக் கீழே ஈரப்புடவையோடு மடியேந்தி நிற்கும் பெண்களுக்கு அது தெய்வக் காரியம். எனக்கோ அவர் கால் வழுக்காமல் இறங்கும் வரை மூச்சு வருவதில்லை.

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே வனத்துறை அலுவலர்களும் ஊர்ப் பெரியவர்களும் தொண்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து, யானைகளின் அன்றன்றைய நடமாட்டத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வழி செய்தால் பெரிய உதவியாக இருக்கும். பெண் தொண்டர்களையும் இந்த ஆண்டு முதல் எல்லாக் குழுக்களிலும் சேர்க்க வேண்டும் என்று நான் ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். சமையலுக்கும் கோலத்துக்கும் மட்டும் அவர்களை அழைப்பது போதாது.

கட்டடத்தைப் பற்றிய முடிவு ஆடி மாத ஊர்க்கூட்டத்தில் எடுக்கப்படும் என்று தெரிகிறது. தங்கள் நாளிதழ் காலை முதல் பேருந்தில் எங்கள் ஊர்த் தேநீர்க்கடைக்கு வந்துவிடுகிறது; பலரும் அங்கே உட்கார்ந்து உரக்கப் படித்துக் கேட்கிறார்கள். ஆகவே கூட்டத்துக்கு முன்பாக இக்கடிதத்தை வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். வரைபடம் போட்டவர்கள் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில் ஒருமுறை மிட்டைக்கு வரச் சம்மதித்தால், எந்த மரத்தடியில் எந்தக் காட்சி நடக்கிறது என்பதை நானும் தொண்டர்களும் கூடவே நடந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.